சரிவில் ஜேசிபி: ஓட்டுபவரும் வீட்டிலிருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்த நலவாழ்வுப் பகுதியில் வழக்கமாகச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்றுதான் எழுதி வருகிறோம். இந்த முறை ஒரு மஞ்சள் நிற இயந்திரத்தைப் பற்றி எழுதப் போகிறோம். "இதற்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

சென்ற மாதம் ரோலாவில் நம் அன்பர்கள் கூடியிருந்தபோது, விசிட் விசாவில் வந்திருந்த ஒரு சகோதரி எங்களிடம் வந்து பேசினார். அவருடைய கணவர் கோர்ஃபக்கான் பக்கம் மலையடிவாரத்தில் ஜேசிபி ஆப்பரேட்டர். "அண்ணே, ஊர்ல இருக்கும்போது தினமும் போன்ல சாப்பிட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களான்னுதான் கேப்பேன். இப்ப அவர்கூட வேலை பாக்குறவரோட வண்டி சரிவுல கவுந்துடுச்சுன்னு சொல்றாரு. ஆள் பொழச்சுட்டாராம். இனிமே நான் அவர்கிட்ட என்னத்தக் கேக்கணும்?" என்றார்.

எங்களில் யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. நம் சங்கத்திலேயே இந்த வண்டியை இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டிய இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இயந்திரத்தோடு வரும் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டி எது என்று சொல்லிவிடுகிறோம். முன்னால் மண்ணை அள்ளும் அகலமான பக்கெட், பின்னால் பள்ளம் தோண்டும் நீண்ட கை, நடுவில் டிராக்டர். தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அது ஜேசிபிதான். இலங்கை அன்பர்கள் பெக்கோ என்பார்கள். இங்கே சைட்டில் ஷவல் என்ற பெயரும் காதில் விழும். இங்கிலாந்துக்காரரான ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரிலுள்ள முதல் எழுத்துகள்தான் ஜே-சி-பி. 1953-ல் அவருடைய கம்பெனி முன் பக்கெட்டையும் பின் கையையும் ஒரே டிராக்டரில் சேர்த்தது. 1979 முதல் ஹரியானாவின் பல்லப்கட்டில் இந்தியாவிலும் தயாராகிறது. நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கும் வண்டியின் எடை ஏறக்குறைய ஏழரை டன்.

ஷார்ஜா என்றால் சமதரைதானே, இங்கே சரிவு எங்கே வந்தது என்று ரோலாவிலேயே இருப்பவர்களுக்குத் தோன்றும். 2019-ல் திறந்த கோர்ஃபக்கான் சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். 89 கிலோமீட்டர், ஐந்து சுரங்கப் பாதைகள், இரு பக்கமும் ஹஜர் மலை. ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் 1,934 மீட்டர் உயரம். ஹத்தா, ஃபுஜைரா, கல்பா, ஓமன் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். இந்த இடங்களில் சாலை போடவும், குழாய் பதிக்கவும், மழை அடித்து வந்த கல்லை அள்ளவும் போகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. 2024 ஏப்ரலில் அல் ஐன் அருகே ஒரே நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு வாதிக் கரைகள் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் நீர் அரித்துக் கூடாக இருக்கும். அந்தக் கரையில் ஏழரை டன் ஏறினால் என்ன ஆகும்?

ஏன் கவிழ்கிறது?

நாலு சக்கரம் இருக்கிறது, அகலமான வண்டி, அவ்வளவு லேசில் சாயாது என்று நாமெல்லாம் நினைக்கிறோம். எங்களுக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. பெரியவர்களில் ஒருவர் ஒரே கேள்வியில் அதை உடைத்தார். "நம்ம ஊரு ஆட்டோ வளைவுல ஏன் சாயுது?" முன்னால் ஒரே சக்கரம், அதனால் சாய்கிறது. "ஜேசிபியும் ஆட்டோதான் தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். பின் சக்கரங்கள் இரண்டும் வண்டியின் உடம்போடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. முன் அச்சு அப்படியில்லை. மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக, முன் அச்சை நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்கவிட்டிருப்பார்கள். அது தராசுக் கோல் போல இரண்டு பக்கமும் ஆடும். ஆகவே வண்டியின் உடம்பைத் தாங்குவது மூன்று புள்ளிகள்: பின் சக்கரங்கள் இரண்டு, முன்னால் அந்தப் பின் ஒன்று. மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் முன்பக்கம் கூராக முடியும் ஒரு முக்கோணம் வரும். வண்டியின் மொத்த எடையின் மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை பயமில்லை. வெளியே போனால் சாய்வதைத் தடுக்க எதுவும் இல்லை.

இனி முன் பக்கெட்டில் ஈர மண்ணை நிரப்புங்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். அதைத் தலைக்கு மேல் தூக்குங்கள். எடை மையம் மேலே போகிறது, முன்னாலும் போகிறது. அதாவது முக்கோணத்தின் குறுகிய கூர்ப்பக்கம் நோக்கிப் போகிறது. சமதரையில் ஒன்றும் ஆகாது. பக்கவாட்டுச் சரிவில் ஒரு பின் சக்கரம் கல்லில் ஏறினால் போதும், அல்லது கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு சாண் பள்ளத்தில் இறங்கினால் போதும்.

இன்னொரு கெட்ட குணமும் உண்டு. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மட்டும் ஆடும், சீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அச்சு ஆடி முடிந்து தடுப்பில் இடித்த பிறகுதான் உடம்பு சாய்வது தெரியும். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. "சாயுறது தெரிஞ்சா இறங்கிக்கலாம்" என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆக, கவிழ்வதற்குச் சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கெட் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சரிவில் நகரும்போது முன் பக்கெட் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். பின் கை மடித்து, நடுவில் நிறுத்தி, பூட்டியிருக்க வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும்

இதில் ஆப்பரேட்டர்களுக்குள்ளேயே வாதம் வரும். விதி சுலபமானது: கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். முன் பக்கெட் நிறைய மண் இருந்தால் முன் பக்கமாக ஏறி, பின் பக்கமாக இறங்க வேண்டும். பக்கெட் காலியாக இருந்தால் பின் கைதான் கனம். அப்போது ரிவர்ஸில் ஏறி, முன் பக்கமாக இறங்குவது நல்லது. காலி வண்டியில் முகத்தை மேலே வைத்துக்கொண்டு செங்குத்தான மேட்டில் கியரைப் போட்டு மிதித்தால் முன் சக்கரம் எழும்பும். டிராக்டர் பின்னால் மல்லாந்து விழ ஆரம்பித்தால், ஓட்டுபவர் ஒன்றும் செய்ய முடியாத கட்டத்தைத் தாண்ட முக்கால் வினாடிதான் ஆகும் என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. கிளட்சை நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

இறங்குவதற்கு முன்பே குறைந்த கியரைப் போட்டுவிட வேண்டும். பாதி வழியில் கியர் மாற்றுவதும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் வேண்டவே வேண்டாம். நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால் இறக்கத்துக்கு முன் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிடிக்கும், முன்னால் கனம் இருக்கும்போது பின் சக்கரங்கள் லேசாகி வழுக்கும். இந்த வண்டிகளில் பிரேக் பெடல் இரண்டு இருக்கும், வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்று. வயலிலும் சைட்டிலும் சட்டென்று திருப்ப அது வசதி. சரிவில் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கட்டையைப் போட மறந்தால், ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து வண்டி குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்புவதுதான் சரிவில் செய்யவே கூடாத காரியம். ஏறினால் நேராக, இறங்கினால் நேராக. திரும்ப வேண்டுமென்றால் மேலே போய்ச் சமதரையில் திரும்புங்கள்.

"எத்தனை டிகிரி வரை ஓட்டலாம்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. அந்தந்த வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். ஆனால் டிகிரியையும் சதவீதத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். சாலைப் பலகையில் 10 சதவீதம் என்றால் நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏற்றம். அது 6 டிகிரிக்கும் குறைவு. 10 டிகிரி என்பது ஏறக்குறைய 18 சதவீதம், 15 டிகிரி என்பது 27 சதவீதம். 100 சதவீதம் என்றால் 45 டிகிரி! அளப்பதும் கஷ்டமில்லை. ஒரு மீட்டர் கட்டையின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டத்தால் கட்டையை மட்டமாகப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப்பில் பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்றால் 20 சதவீதம். கொத்தனார் வேலை தெரிந்தவருக்கு இது அரை நிமிடம்.

தோண்டும்போது

ஓடும்போது கவிழ்வதைப் போலவே நின்று தோண்டும்போதும் வண்டி போகும். பின் கையில் மண்ணை அள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வீசித் திருப்பும்போது, அந்த எடை முழுவதும் ஒரு பக்கத்து ஜாக்கிக் காலில் இறங்குகிறது. அது பள்ளத்துப் பக்கமாக இருந்தால்? ஆகவே அள்ளிய மண்ணை மேட்டுப் பக்கமே கொட்ட வேண்டும், மெதுவாகத் திருப்ப வேண்டும். இடம் இருந்தால், தோண்ட ஆரம்பிக்கும் முன் மேட்டுப் பக்கத்தைச் சீவி வண்டி மட்டமாக நிற்க ஒரு மேடை வெட்டிக்கொள்வதே உத்தமம். பள்ளத்துப் பக்கம் புது மண்ணைக் கொட்டி நிரவி அதன்மேல் சக்கரத்தை ஏற்றுவது மேடை அல்ல, பொறி. ஜாக்கிக் கால்களுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். கால் நிற்கும் மண்ணையே தோண்டிவிடாதீர்கள் (சிரிக்க வேண்டாம், அவசரத்தில் செய்திருக்கிறார்கள்).

பலருக்குத் தெரியாத ஒன்று. ஜாக்கிக் கால்கள் பின் சக்கரங்களைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாததுபோல்தான், ஏனென்றால் அது பிடிப்பது அந்தச் சக்கரங்களைத்தான். அப்போது வண்டியைச் சரிவில் பிடித்துக்கொண்டிருப்பது தரையில் அழுத்தியிருக்கும் முன் பக்கெட்டும் ஜாக்கிக் கால்களும் மட்டுமே. வேலை முடிந்து கிளம்பும்போது முதலில் பின் சக்கரங்கள் தரையில் உட்கார்ந்து பிரேக் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முன் பக்கெட்டைத் தூக்க வேண்டும். வரிசை மாறினால் வண்டி தானாக நகரும்.

பின் கையை இடம் வலமாக நகர்த்திப் பூட்டும் வசதியுள்ள வண்டிகளில், அந்தப் பூட்டைச் சரிவில் தளர்த்தாதீர்கள். மொத்தக் கையும் பள்ளத்துப் பக்கமாக ஒரே வழுக்காக வழுக்கி வரும்.

பெல்ட்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறோம். கவிழ்ந்த வண்டியிலிருந்து பிழைத்த அந்த நண்பர் பெல்ட் போட்டிருந்தார். இரண்டு விலா எலும்பு, ஒரு தோள்பட்டை. ஆறு வாரத்தில் நடமாட ஆரம்பித்துவிட்டார்.

வண்டியின் கேபினைச் சுற்றி இருக்கும் கனத்த இரும்புச் சட்டம் வெயிலுக்குக் கூரை தாங்க மட்டும் வைத்ததல்ல. கவிழ்ந்தாலும் உள்ளே ஓர் ஆள் நசுங்காமல் இருக்க இடம் விட்டு வைப்பதற்காக வந்தது. ஸ்வீடனில் 1959-ல் புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்து வந்த முப்பது வருடங்களில் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது அபூர்வமாகிவிட்டது. ஆனால் சட்டம் காப்பாற்றுவது அதற்குள் இருப்பவரை மட்டும்தான். வண்டி சாயும்போது மனித மனம் "குதி" என்று சொல்லும். குதிப்பவர் விழுவது பெரும்பாலும் வண்டி விழும் பக்கத்தில்தான், அதே சட்டத்துக்கு அடியில். எனவே குதிக்கக் கூடாது. பெல்ட்டோடு சீட்டில் அழுந்தி உட்கார்ந்து, கை கால்களை வெளியே நீட்டாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் கதை வேறு. அங்கே சட்டமே இல்லாத பழைய டிராக்டரில் பின் கையை மாட்டித் தோண்டுகிறார்கள். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டினால் வண்டியோடு சேர்ந்து நசுங்க வேண்டியதுதான். அங்கே பெல்ட் வேண்டாம். அந்த வண்டியைச் சரிவுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் வழி. வளைகுடாவில் பத்து வருடம் சேர்த்த காசில் ஊரில் ஒரு ஜேசிபி வாங்கி விடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் நம்மில் பலர். மலைப்பகுதியில் விடப்போகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் ஜேசிபியால் மண்ணை வெட்ட முடியாது. 2009 நவம்பரில் அங்கே 40 பேருக்கு மேல் பலிகொண்ட மண்சரிவை நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு ஏன் என்று விளங்கும். இரண்டாவது, தவணை கட்டும் அவசரத்தில் "ஒரு மணி நேர வேலைதான், வாங்க" என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் டிரைவரை அனுப்பாதீர்கள்.

ஓட்டுபவரின் உடம்பு

வண்டி நன்றாக இருந்தாலும் ஓட்டுபவருக்குத் தலை சுற்றினால் என்ன செய்வது? எமிரேட்ஸில் 2005 முதல் கோடையில் மதிய வேலைத் தடை இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வெளிவேலை கூடாது. ஆனால் காலை பத்து மணிக்கே ஏசி வேலை செய்யாத கேபின் அடுப்பாகிவிடும். தண்ணீர் போதாமல் போனால் கவனம் குறையும். அரை மீட்டர் தவறிச் சக்கரம் விளிம்பில் போவது அப்போதுதான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வண்டியில் ஏறவே கூடாது. சில மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல் வந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, வண்டியை நிறுத்திவிட்டு, இனிப்பான ஜூஸோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ளுங்கள். ரமலானில் நோன்பு வைப்பவர்கள் மருந்து நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் பார்மசியில் வாங்கும் மாத்திரைகள் சில தூக்கம் வரவைக்கும். இரவு போட்டது காலை வரை இருக்கும். இதையெல்லாம் மறைத்தால் வேலை போகாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபோர்மேனிடம் "இன்னிக்கு என்னைச் சமதரை வேலைக்குப் போடுங்க" என்று கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

கவிழ்ந்துவிட்டால்

அருகில் இருப்பவர்கள் ஓடிப்போய் ஆளைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கம். முதலில் வண்டி இன்னும் உருளுமா என்று பாருங்கள், கையெட்டினால் இன்ஜினை அணையுங்கள். எமிரேட்ஸில் ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999, தீயணைப்பும் மீட்பும் 997. ஓமனில் 9999. மலைச் சாலையில் "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் திணறுகிறோம். காலையில் சைட்டுக்குப் போனதும் போனில் இருப்பிடத்தை ஒரு நண்பருக்கு அனுப்பி வைப்பது நல்ல பழக்கம்.

கழுத்தையும் முதுகையும் அசைக்காதீர்கள். தீ, எண்ணெய்க் கசிவு, மூச்சுத் திணறல் என்று உயிராபத்து இருந்தால் மட்டுமே ஆளை நகர்த்துங்கள். காலோ இடுப்போ அடியில் சிக்கியிருந்தால், சிக்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போனில் பேசும் ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள், அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். நெடுநேரம் நசுங்கியிருந்த தசையிலிருந்து வரும் கழிவுப்பொருள்கள், அழுத்தம் விலகியதும் ரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதனால்தான் நேரம் முக்கியம். இன்னொரு ஷவலைக் கொண்டுவந்து அவசரத்தில் தூக்கப் பார்ப்பது அடியில் இருப்பவரை இரண்டாம் முறை நசுக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று எழுந்து நடப்பவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மண்ணீரலில் கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலியாகத் தெரியும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்ட அந்தச் சகோதரி, அன்றிரவே கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: பெல்ட் போடுகிறீர்களா? "ஓட்டும்போது போடுவேன். தோண்டும்போது சீட்டைத் திருப்பி உக்காருவேன்ல, அப்ப கழட்டிடுவேன்" என்றாராம். எங்கள் பெரியவரிடம் இதைச் சொன்னோம். "பெல்ட்டு சீட்டுலதானே இருக்கு? சீட்டு திரும்பினா பெல்ட்டும் கூடத் திரும்பும். அப்புறம் எதுக்குக் கழட்டணும்?" என்றார். சகோதரி இப்போது ஊர் திரும்பிவிட்டார். போனில் சாப்பாட்டை விசாரிப்பதோடு இதையும் விசாரிக்கிறாராம்.

(ஆப்பரேட்டர்களின் முதுகுவலி பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.)